கண்ணாடிப் பெட்டிக்குள் ரயில் ஓடுமா? – ஒரு மறுப்பு

“பழைய பொம்மை ரயில் எஞ்சின்களின் மோட்டாரை நம்ப முடியாது. அவற்றை ஓட்டிப் பார்ப்பது அறிவீனம். துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதே அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.”

சென்ற மாதம் நாகூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சென்னையிலிருந்து வந்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் உதிர்த்த கருத்து இது. உடனிருந்த நண்பர்கள் நால்வரும் தலையசைத்தார்கள். நால்வரும் நல்ல வாசகர்கள். மரபு, மீட்பு, பாதுகாப்பு என்றெல்லாம் மேடைகளில் பேசுபவர்கள். அந்தத் தலையசைப்புத்தான் நம்மை உறுத்தியது. விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சுத்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஆகவே இம்மறுப்பு.

1

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நாகூருக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும் உள்ள உறவை வாசகர்கள் அறிவார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காவின் பெயரிலேயே தர்காக்கள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி நம் ஊர்க்காரர்களை ஏற்றியிறக்கியது. அக்கப்பலில் 1967ஆம் ஆண்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவரின் தகரப் பெட்டியில் கைலிகளுக்கும் தைலப் புட்டிகளுக்கும் இடையே ஒரு பொம்மை ரயிலும் வந்தது. இங்கிலாந்தின் ட்ரை-ஆங் நிறுவனம் செய்த, ஆறு சக்கரம் கொண்ட கறுப்பு எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளத் துண்டுகள், சுவரில் செருகும் சிறிய டிரான்ஸ்பார்மர்.

அடுத்த வீட்டுப் பிள்ளையான நாம் அவரை மாமா என்றே அழைத்தோம். 1980களில், வெள்ளிக்கிழமை மாலைகளில், மின்சாரமும் அவருடைய மனநிலையும் ஒருசேர வாய்த்தால் கூடத்துத் தரையில் ரயில் ஓடும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிடுவோம். ஓட்டி முடித்த பிறகு அவர் எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மேலும் அரைமணி நேரம் எதையோ செய்துகொண்டிருப்பார். ரயில் ஓடியதைப் பார்த்த பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். நாம் மட்டும் அந்த அரைமணி நேரத்துக்காகவும் இருப்போம்.

மாமா மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. மகன் வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறார். வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டிய நிலை. சேகரிப்பாளர் வந்தது அதன்பொருட்டே. அவர் மும்முறை கேட்டது ரயிலோடு வந்த அசல் அட்டைப் பெட்டி இருக்கிறதா என்பதை. எஞ்சின் ஓடுமா என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

2

நம்ப முடியாதது என்று அவர் தள்ளிய மோட்டார் எத்தகையது? 1950களில் அறிமுகமாகி இருபதாண்டுகளுக்கும் மேலாக ட்ரை-ஆங் எஞ்சின்களில் இடம்பெற்ற, எக்ஸ்-04 என்னும் எண்ணால் ஆர்வலர்கள் அறியும் மோட்டார் அது. 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் இயங்குவது. அதற்கு மூடி கிடையாது. ஒரு காந்தக் கட்டி. அதை ஒட்டி இருபுறமும் இரும்புத் துண்டுகள். இடையில் மூன்று கைகளிலும் செம்புக் கம்பி சுற்றப்பட்ட ஆர்மேச்சர். அதன் தண்டில் மூன்றாகப் பிளந்த செம்புத் தகடான கம்யூட்டேட்டர். அத்தகட்டை இருபக்கமும் தொட்டு மின்சாரம் தரும் இரண்டு கார்பன் பிரஷ்கள். அந்த இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் ஒரே ஸ்பிரிங் கம்பி. தண்டின் முனையிலுள்ள திருகு, சக்கர அச்சின் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அவ்வளவே. ஒரு பிள்ளை குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தால் அதன் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

இம்மோட்டார் பழுதாகும்; மறுக்கவில்லை. எப்படிப் பழுதாகும் என்பதுதான் கேள்வி. கார்பன் தேய்ந்து உதிரும் கரித்தூளும் எண்ணெய்ப் பசையும் கம்யூட்டேட்டரின் பிளவுகளில் அடைந்துகொண்டால் எஞ்சின் திணறும், சூடேறும். ஈர்க்குச்சியால் அந்தப் பிளவைச் சுரண்டிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் மீண்டும் ஓடும். பிரஷ் தேய்ந்து குட்டையானால் புதிய பிரஷ் போடவேண்டும். பிரஷ் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. செம்பு தேயாதிருக்கும்பொருட்டுக் கரி தேய்கிறது. ஸ்பிரிங் கம்பியின் ஒரு கையில் மட்டும் காப்புக் குழல் ஒன்று மாட்டியிருக்கும். அது உலர்ந்து உதிர்ந்தால் மின்சாரம் சட்டகத்தின் வழியே குறுக்கே பாய்ந்துவிடும்; எஞ்சின் அசையாது. மாமா அதற்குச் சைக்கிள் வால்வ் டியூபில் ஒரு துணுக்கை வெட்டிச் செருகுவார். மூன்று காயில்களில் ஒன்று அறுந்தால் ஆர்மேச்சர் சில நிலைகளில் நின்றுவிடும்; விரலால் தள்ளினால்தான் கிளம்பும். தகடுகளை இரண்டிரண்டாக மீட்டரால் அளந்தால் மூன்று அளவும் ஒத்திருக்கவேண்டும். ஒவ்வாத இடத்தில் பழுது இருக்கிறது.

காந்தத்தின் நோய் மட்டும் சற்றுச் சூழ்ச்சியானது. காந்தம் வலுவிழந்தால் எஞ்சின் தனியே ஓடுகையில் முன்னைவிட வேகமாக ஓடும், அறியாதவர் மகிழ்ந்துபோவார். பெட்டிகளைப் பூட்டினால் இழுக்க மாட்டாது. மின்சாரத்தை மட்டும் குடித்துச் சூடேறும். இவ்வகைப் பழைய காந்தங்களைச் சட்டகத்திலிருந்து வெறுமனே கழற்றினாலே வலு குறைந்துவிடும். அதனால் மாமா ஆர்மேச்சரைக் கழற்றும்போதெல்லாம் அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பாலமாக வைப்பார். ஏன் என்று கேட்டபோது, “காந்தத்துக்கும் கையில பிடிச்சுக்க ஏதாச்சும் வேணும்ல” என்றார். பௌதிகம் படித்தவர்கள் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். இன்று அதற்கும் வழி இருக்கிறது. 1980களில் கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தத்தின் சிறு துண்டுகளைப் பழைய காந்தம் இருந்த இடத்தில் பொருத்தி ஓட்டுகிறார்கள்.

இத்தனை நோய்களையும் ஏன் வரிசைப்படுத்தினோம் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு, ஒரு காரணம் உண்டு, வீட்டில் கிடைக்கும் ஒரு மருந்தும் பெரும்பாலும் உண்டு என்று காட்டவே. ட்ரை-ஆங்கை நடத்திவந்த லைன்ஸ் பிரதர்ஸ் 1971இல் நொடித்துப்போயிற்று. ஆயினும் அந்த மோட்டாருக்கான பிரஷ்களையும் ஸ்பிரிங்குகளையும் இங்கிலாந்தின் சிறுவணிகர்கள் இன்றும் விற்கிறார்கள். செய்தவன் போன பிறகும் பிழைத்திருக்கும் பொருளை நம்ப முடியாதது என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வது?

3

நாம் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்லவேண்டும். தயங்கியே சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் பொம்மையைப் பற்றி நினைக்க எவருக்கும் மனம் இருக்கவில்லை. மாமா வீட்டுக் கீழ்க்கட்டில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்க அவருக்கே இரண்டு மாதங்கள் ஆயின.

உள்ளே இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று 1967இன் கறுப்பு எஞ்சின். மற்றொன்று மகன் 1990களின் இறுதியில் வாங்கியனுப்பிய புதிய எஞ்சின். எந்த நிறுவனத்தது என்பது இங்கு வேண்டாம். ஓட்டத்தில் புதியதுதான் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மெல்ல நகர்வதில் நயம், சத்தம் குறைவு, மின்செலவும் குறைவு. அதன் மோட்டார் ஓர் உலோகக் குப்பிக்குள் அடைபட்டது. குப்பியின் விளிம்பு மடித்து இறுக்கப்பட்டிருந்தது.

இரண்டினுள்ளும் உப்புநீர் புகுந்திருந்தது. கறுப்பு எஞ்சினை மாமா முழுவதுமாகக் கழற்றினார். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, துருவை மண்ணெண்ணெயில் ஊறவிட்டார். கம்யூட்டேட்டர் பச்சை பூத்திருந்தது, தேய்த்தார். மூன்று காயில்களில் ஒன்று அரித்து அறுந்திருந்தது. அதை நாகப்பட்டினத்தில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறைக்கு எடுத்துப்போனபோது உடன் சென்றவர்களில் நாமும் ஒருவர். குறுவையில் மின்னழுத்தம் தாழ்ந்து எரிந்துபோன ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடந்த காலம். பட்டறைக்காரர் கட்டைவிரல் அளவிலான ஆர்மேச்சரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு, அறுபடாத ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினார். அதே கனத்தில் எனாமல் கம்பியைத் தேடியெடுத்து மூன்றையும் புதிதாகக் கட்டினார். கூலியாக அவர் கேட்டது ஒன்றுதான்: ஓடும்போது தம் பிள்ளைகள் வந்து பார்க்கவேண்டும். அந்தக் கோடையில், வெள்ளிக்கிழமை ஒன்றில், அவர்கள் வந்து பார்த்தார்கள்.

புதிய எஞ்சின் ஓடவில்லை. குப்பியைத் திறக்க முயன்றபோது விளிம்பு கிழிந்தது. திறந்த பிறகு மூட வழியில்லை. உள்ளே மிகச் சிறிய பிரஷ்கள் தகட்டோடு தகடாகப் பதிக்கப்பட்டிருந்தன, மாற்ற இயலாது. அதே அளவில் வேறொரு மோட்டார் வேண்டும் என்று மகன் வாங்கிய கடையில் விசாரித்தார். அந்த மாதிரி நின்றுவிட்டது என்று பதில் வந்தது. அது தரங்கெட்ட மோட்டார் என்று நாம் சொல்லவரவில்லை. கடல் வராதிருந்தால் பல்லாண்டுகள் ஓடியிருக்கும். ஆனால் வாழ்வில் ஏதோ ஒரு வகையில் கடல் வந்தே தீரும். வந்த பிறகு என்ன என்னும் கேள்விக்கு அந்தக் குப்பியிடம் பதில் இல்லை.

ஆகவே நம்பகம் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் இது: பழுதாகாமலிருப்பது அரைப்பங்கு, பழுதான பின் மீளக்கூடியதாயிருப்பது மீதி அரைப்பங்கு. விற்பனைக் காகிதங்கள் முதல் அரையை மட்டுமே பேசும். சேகரிப்பாளரும் அந்தக் காகிதத்தின் மொழியையே பேசினார்.

4

தமிழ் ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லின்மீது வாசகர் கவனத்தைத் திருப்ப விரும்புகிறோம். பிற மொழியார் சீர்செய்தல் என்ற பொருளில் வழங்கும் தொழிலை நம்மவர் ‘பழுது பார்த்தல்’ என்கிறார்கள். செய்தல், ஆக்கல் என்பவற்றை விட்டுவிட்டுப் பார்த்தல் என்னும் வினையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு பொருத்தம்! பழுது முதலில் கண்ணுக்குப் படவேண்டும். கண்ணுக்குப் படாதபடி மூடி இறுக்கிய பொருளில் பழுது பார்த்தல் என்ற வினையே நிகழ இடமில்லை.

இன்னொன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், பழுது என்னும் சொல்லுக்குப் பயனில்லாமை என்று பொருள் தருகிறது. உடைசலோ கோளாறோ அங்கே பேசப்படவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால், விரலால் தள்ளிக் கிளப்பவேண்டிய எஞ்சின் பழுதற்றது. ஒரு கீறலும் இன்றிக் கண்ணாடிக்குள் நிற்கும் எஞ்சினே பழுதுடையது. நண்பர்கள் நால்வரும் தொல்காப்பியம் பயின்றவர்கள் என்பதால் இதை அவர்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

நம் இலக்கியம் எவ்வாறு பிழைத்தது என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஓலை சாகும், நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. பெயர்த்தெழுதுவோர் இருந்த நூல்கள் தங்கின. படிக்காமல் கட்டி, பரணில் வைத்து, ஆண்டுக்கொருமுறை பூசை செய்யப்பட்ட சுவடிகளைக் கறையான் தின்றது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் உண்டு. அந்த வேதனையை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். 1887இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்ததற்கு முன்னே, அச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய பெயர் தெரியாத கைகள் எத்தனை இருந்திருக்கவேண்டும்! அவர்கள் ஓலையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் நமக்குச் சிந்தாமணி இல்லை. பூசையறை போய்க் கண்ணாடிப் பெட்டி வந்திருக்கிறது; மனநிலை அதுவேதான்.

5

“பொம்மைக்கு இது சரி, உண்மையான பாரம்பரிய எஞ்சின்களை ஓட்டுவது நடக்கிற காரியமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நம் ஊருக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்குத் தண்டவாளம் போட்டது. மறு ஆண்டில் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. ரயில்வேயின் பணிமனையும் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்குப் பெயர்ந்தது. பெயர்ந்தது இயந்திரங்கள் மட்டுமல்ல. கடைசல்காரர்களும் கொல்லர்களும் வார்ப்பு வேலைக்காரர்களும் குடும்பங்களோடு போனார்கள்.

அந்தப் பொன்மலை என்ன செய்கிறது? நீலகிரி மலைப்பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 தொடங்கிச் செய்யப்பட்டவை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டர்ப் பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு எஞ்சின்களை நிறுத்தி வைத்துவிட்டு, படம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பொன்மலைத் தொழிலாளர்கள் கிடைக்காத உறுப்புகளைத் தாமே செய்தார்கள். பிறகு எஞ்சின்களையே புதிதாகக் கட்டினார்கள். நிலக்கரியில் இயங்கும் புதிய எஞ்சின் ஒன்று 2021இல் அங்கிருந்து வெளிவந்தது. ஓடுகிற பாதை இருந்தபடியால் தொழில் தெரிந்த கை அற்றுப்போகவில்லை. நிலைய வாசலில் மேடைகட்டி நிறுத்தப்பட்டு ஆண்டுதோறும் பெயிண்ட் பூசப்படும் எஞ்சின்களையும் நாம் பார்க்கிறோம். அவற்றால் எந்தக் கையும் எதையும் கற்பதில்லை, பெயிண்ட் அடிப்பதைத் தவிர.

சிறிய ரயில்களுக்கும் சான்று உண்டு. புனேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷியின் சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் எதைப் பார்க்கக் கூடுகிறார்கள்? விளக்குகள் எரியும் குட்டி நகரத்தினூடே ரயில்கள் ஓடுகின்றன, அதைத்தான்.

6

மறுப்புகளுக்கும் முகம் கொடுப்போம். ஓட்டினால் தேயும் என்கிறார்கள். தேயும். ஓட்டாவிட்டாலும் எண்ணெய் பிசினாக இறுகும். நாகூரின் உப்புக்காற்று தண்டவாளத்தைத் தின்னும். தேய்மானத்துக்கு மருந்து இருக்கிறது. கிடப்பதால் வரும் கேட்டைப் பெரும்பாலும் கவனிப்பாரே இல்லை.

பழையன எல்லாம் பொன் என்று நாம் வாதிடுவதாகவும் கொள்ளவேண்டாம். போருக்கு முந்திய பொம்மை ரயில்கள் பலவற்றில் துத்தநாகக் கலவை வார்ப்புகள் தாமே விரிந்து, வெடித்து, பொடியாய் உதிர்கின்றன. கலவையில் ஈயம் போன்ற மாசுகள் கலந்ததன் விளைவு அது. எந்தக் கையாலும் அந்த உலோகத்தை மீட்க முடியாது. புதிதாக வார்த்துப் பொருத்துவதே வழி. அதுபோல், பிற்காலத்து மூடிய மோட்டார்களிலும் எளிதில் கழற்றி மாற்றக்கூடியன இருக்கின்றன. காலத்தை வைத்துப் பொருளுக்கு மதிப்பெண் இட நாம் வரவில்லை. திறக்க முடியுமா, பார்க்க முடியுமா, உறுப்பு கிடைக்குமா, செய்துகொள்ளவாவது முடியுமா என்ற கேள்விகளை வைக்கிறோம். இக்கேள்விகளை இப்போது அரசுகளும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. கைபேசி, மடிக்கணினி உள்ளிட்ட சில பொருட்கள் எந்த அளவுக்குப் பழுது பார்க்கத் தக்கவை என்பதை மதிப்பெண்ணாக விற்பனையிடத்தில் காட்டவேண்டும் என்ற விதி பிரான்சில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அது கவனத்தில் கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் அடங்கும். பம்புசெட் எரிந்தால் பயிர் காயும் மண்ணில் இது பொம்மை விஷயம் இல்லை.

மூன்றாவது மறுப்பு விலை பற்றியது. ஓட்டாத எஞ்சினுக்கு, அசல் அட்டையோடு இருந்தால், சந்தையில் கூடுதல் விலை. உண்மையாகவே இருக்கட்டும். மகனுக்குப் பணம் தேவை என்றால் அதில் குறைசொல்ல நாம் யார்? ஆனால் விலை கூடுகிறது என்று நேராகச் சொல்லவேண்டும். விலைக்காக ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மோட்டாரை நம்ப முடியாது என்று எஞ்சினின்மேல் பழிபோடுவது நியாயமன்று. ஐம்பத்தாறு ஆண்டுகள் மாமாவிடம் ஓடியதற்கு அதற்குக் கிடைத்த சான்றிதழா இது?

7

அன்று மாமாவின் மகன் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவையும் எடுத்துவந்து வைத்தார். உள்ளே புதிய பிரஷ்கள் இரண்டு ஜோடி, ஸ்பிரிங் கம்பிகள், வால்வ் டியூப் துணுக்குகள், சீவிய ஈர்க்குகள், தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி, காந்தத்துக்குப் பாலமாக வைக்கும் அந்த இரும்புத் துண்டு. சேகரிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம்” என்று ஒதுக்கினார். மகனும், “வாப்பா கைக்குத்தான் சார் அது ஓடும்” என்று நம்மிடம் சொன்னார்.

அவர் சொன்னது தவறு என்பதே நம் கட்சி. அது வாப்பாவின் கைக்கு மட்டும் ஓடும் எஞ்சினாக இருந்திருந்தால் அதை நம்ப முடியாதது என்று நாமும் சொல்லியிருப்போம். பட்டறைக்காரர் கைக்கு ஓடியது. பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளையின் கைக்கும் ஓடும். அந்த மாலையே ஈர்க்குச்சியை எடுத்துப் பிளவுகளைச் சுரண்டி, பிரஷ் மாற்றி, இரண்டே துளி எண்ணெயிட்டு வைத்தோம். திண்ணையில் பூட்டிய வட்டத்தில் அது முதல் சுற்றைத் திணறியும் இரண்டாவதை ஒழுங்காகவும் ஓடியது. தலையசைத்த நண்பர்கள் குனிந்து பார்த்தார்கள். சேகரிப்பாளர் அதற்குள் ரயிலைப் பிடிக்கப் போயிருந்தார்.

விற்பனை இன்னும் முடியவில்லை. கந்தூரி முடியட்டும் என்று மகன் சொல்லியிருக்கிறார். விற்பதானால் விற்கட்டும், அது அவர் உரிமை. நம் வேண்டுகோள் ஒன்றே: வாங்குபவர் யாராயினும் அந்தப் பிஸ்கட் டப்பாவையும் சேர்த்தே வாங்கவேண்டும். அட்டைப் பெட்டி போனால் விலை குறையும். அந்த டப்பா போனால் எஞ்சினே போய்விடும்.